ரோமாபுரிக் கொலையும் தாணுவின் போளியும்

என் கணவர் ரோமாபுரியில் ஒருத்தனைக் கொன்றார். அதனால் திருவனந்தபுரம் வலியசாலையில் என் பெண்ணின் கல்யாணம் நிற்கப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரம் வருஷமும் ஒரு கடலும் இருக்கின்றன, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் என்னிடம் வாதாடினார். சம்பந்தம் இருந்தது. அதற்குத் தாணு என்று பெயர்.

முதலில் கொன்றவரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சேஷன். வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்கு ஆபீசில் மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் சுழித்தவர். ஓய்வு பெற்றதும் சிலர் காலையில் நடக்கப் போவார்கள், சிலர் சர்க்கரை அளவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். இவர் துப்பறியும் கதை எழுத உட்கார்ந்தார். முதல் கதை எங்கள் தெருவிலேயே நடந்தது. ஒருத்தி பக்கத்து வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைத் திருடிவிடுகிறாள். கதையில் திருடியது ஒருத்தி, கோபித்துக்கொண்டது மூன்று வீடு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நான் சும்மா இருந்தேன். ஆனால் அந்த நவராத்திரிக்கு மூன்று வீட்டிலிருந்தும் எங்களைக் கொலுவுக்கு அழைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் ரோமாபுரிக்குப் போனார். ரோமாபுரிக்காரன் எவனும் வலியசாலைக்கு வந்து சண்டை போட மாட்டான் என்பது அவர் கணக்கு. ‘மிளகுக் கிடங்கில் ஒரு மரணம்’ என்று தலைப்பு வைத்து, ஒரு கதைச் செயலியில் வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம் போட்டார். புத்தகம் புத்தகமாகப் படித்தார். தக்காளியும் மிளகாயும் அந்தக் காலத்தில் அங்கே கிடையாது என்று கண்டுபிடித்துவிட்டு, நான் ரசத்துக்குத் தக்காளி நறுக்கும்போதெல்லாம் வந்து அதைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் மனிதர் பிறந்து வளர்ந்தது வலியசாலை அக்ரகாரத்தில். பார்த்த ஊர் அதுதான். ஆகையால் அவருடைய ரோமாபுரியிலும் வீடுகள் வரிசையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. விடிகாலையில் வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். செனட்டர்கள் எதிர்ப்பட்டால், “திராட்சை ரசம் ஆச்சா?” என்று விசாரித்துக்கொண்டார்கள்.

“ஏன்னா, அங்கே வாசல் தெளிப்பாளோ?” என்று நான் கேட்டேன்.

“தெளிக்க மாட்டான்னு நோக்குத் தெரியுமோ?” என்றார். கணக்கு ஆபீஸ்காரரிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

கதை இதுதான். குவிண்டஸ் என்று ஒரு பெரிய மிளகு வியாபாரி. மிளகு வாங்க நம்முடைய கரைக்கெல்லாம் வந்து போனவன். அவன் வீட்டில் ஒரு விருந்து. விருந்தின் முடிவில் தேன் போளியும் காய்ச்சிய இனிப்புப் பாலும் பரிமாறுகிறார்கள். எல்லோரும் சாப்பிடுகிறார்கள், குவிண்டஸ் மட்டும் செத்துப்போகிறான். ஏன் என்றால் போளியில் ஒரு பொடி, பாலில் ஒரு பொடி. தனித்தனியாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்தால் மட்டும் விஷம். ரோமாபுரிக்காரர்கள் போளியைத் தனியாகத் தின்பார்கள், பாலைத் தனியாகக் குடிப்பார்கள். குவிண்டஸ் ஒருத்தன்தான் நம் கரையில் கற்றுக்கொண்ட பழக்கத்தின்படி போளியின் மேல் பாலை விட்டுப் பிசைந்து தின்கிறவன்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே கல்யாணப் பந்தியில் இலையில் போளி விழுந்ததும் கை நிற்கும். அதன் மேல் பால் பாயசம் விழுந்த பிறகுதான் பிசைய ஆரம்பிப்போம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வருகிற சம்பந்திகள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், அப்புறம் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவார்கள். இந்தப் பழக்கத்தையே கொலைக் கருவி ஆக்கியது தன்னுடைய அபாரமான கண்டுபிடிப்பு என்று என் கணவர் தெருவில் சொல்லாத ஆளில்லை.

விஷம் சேரும்போது ஒரு புளித்த வாடை வரும். அந்த வாடை குவிண்டஸ் மூக்கில் ஏறாமல் இருக்க, அன்றைக்கு விருந்தில் பால் அடிபிடித்திருந்தது என்று எழுதினார். அதுவும் சரிதான். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தின் முடிவில் துப்பறிகிற லூசியஸ் எழுந்து, எல்லோர் முன்னாலும் சமையற்காரனை நோக்கி விரலை நீட்டுகிறான். ‘தொடரும்’ போட்டாகிவிட்டது.

அந்தச் சமையற்காரனின் பெயர் தானியஸ். காதில் கடுக்கன். ருசி பார்க்கும்போது புறங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு கண்ணை மூடுவான். உதவியாள் உப்பு போடும்போது, “மதி, மதி!” என்று, அதாவது போதும் போதும் என்று, கத்துவான். ரோமாபுரியில் மலையாளம் பேசுகிற ஒரே ஆள் அவன்தான். இதைப் படித்துவிட்டு ஆரியசாலையிலிருந்து கரமனை வரை, “அட, நம்ம கல்யாணச் சமையல் தாணு!” என்று சொல்லாதவர்கள் யாருமில்லை. என் கணவர் ஒருத்தர்தான், “கற்பனைப் பாத்திரம்” என்று சாதித்தார்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். என் பெண் திவ்யலட்சுமி டெக்னோபார்க்கில் வேலை செய்கிறாள். பையனை அவளே பார்த்துக்கொண்டாள், கூட வேலை செய்கிறவன், நல்ல பையன், கரமனைக்காரன். பையனின் அப்பா ஆனந்தகிருஷ்ணனுக்கு இதில் மனசில்லை. பெரிய இடமாகப் பார்த்து வைத்திருந்தாராம். பையன் பிடிவாதமாக நின்றதால் தலையை ஆட்டினார். ஆட்டும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார். “எங்களுக்குச் சீர் செனத்தி ஒண்ணும் வேண்டாம். தேஹண்டம் தாணுவா இருக்கணும். தாணு கைப் போளியும் பால் பாயசமும் இல்லாத கல்யாணத்துல நான் உக்கார மாட்டேன்.” தேஹண்டம் என்றால் எங்கள் பேச்சில் கல்யாணச் சமையல். பக்கத்தில் அவர் மனைவி பத்மஜா உட்கார்ந்திருந்தாள். “உங்களுக்கு என்ன மாமி வேணும்?” என்று அவளிடம் கேட்டேன். “அவளுக்கும் அதேதான்,” என்று ஆனந்தகிருஷ்ணன் பதில் சொன்னார்.

பெரிய விஷயமா இது? தாணு எங்களுக்குப் பழக்கமானவர். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். முகூர்த்தப் பத்திரிகை அடித்தாகிவிட்டது.

தானியஸை நோக்கி லூசியஸ் விரலை நீட்டிய மறுநாள் காலை, தாணுவின் மருமான் அகில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். தாணுவுக்கு முகூர்த்தம் எழுதுவது, போட்டோ போடுவது எல்லாம் அவன்தான். கையில் நாங்கள் கொடுத்த அதே தாம்பூலத் தட்டு. வெற்றிலை வாடியிருந்தது.

“மாமி, மாமா இதைத் திருப்பித் தரச் சொன்னார்.”

“ஏண்டா, உடம்புக்கு ஏதாவதா?”

“உடம்பெல்லாம் நன்னாத்தான் இருக்கு. மனசுதான். வல்லாத்த கோபத்துல இருக்கார். சாரோட நாவல்... நேத்திக்கு வந்த சாப்டர். இனி நான் ஒண்ணும் பறைய மாட்டேன் மாமி, எனக்கும் திட்டு விழும்.” தட்டை என் கையில் வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு தேஹண்டக்காரர் திருப்பிக் கொடுத்த தாம்பூலத்தை இந்த ஊரில் இன்னொருத்தர் தொட மாட்டார். முதலில் வாங்கியவர் கோபம் தீர்ந்து, “எடுத்துக்கோ,” என்று சொல்ல வேண்டும். தாணு சொல்லப் போவதில்லை. அவர் இல்லை என்றால் ஆனந்தகிருஷ்ணனுக்கு, தேடிக்கொண்டிருந்த சாக்கு வெள்ளித் தட்டில் வைத்துக் கிடைத்த மாதிரி. திவ்யா அன்று ஆபீசுக்குப் போகாமல் அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். “அம்மா, அப்பாவுக்கு ஒரு ஆளைக் கொல்லணும்னா வேற சமையற்காரனே கிடைக்கலையா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். இந்தப் பெண் சின்ன வயசில்கூட லேசில் அழமாட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரோமாபுரியையே கொளுத்தியிருப்பேன்.

“ஏன்னா, கடைசி அத்தியாயத்துல கொலைகாரனை மாத்துங்கோ,” என்றேன்.

“கொலைகாரனை மாத்தறது சட்டை மாத்தறது மாதிரியா?” என்றார். ஆனால் அவருக்கும் பெண் அழுதது பொறுக்கவில்லை. மாற்ற உட்கார்ந்தார்.

முதலில் குவிண்டஸுக்குப் போட்டியாக இருந்த இன்னொரு மிளகு வியாபாரியைக் கொலைகாரன் ஆக்கினார். இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக இருக்கிறேன் பேர்வழி என்று, சாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற வன்னியராஜுக்குப் போன் போட்டு அதைப் படித்துக் காட்டினார். கல்யாணத்துக்குச் சாமான் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் வர வேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

“சார், கத நல்லாத்தான் இருக்கு,” என்றார் வன்னியராஜ். “ஆனா நான் வியாபாரிகள் சங்க எலக்சன்ல ரெண்டு தடவ நின்னு தோத்தவன். இந்த மாசம் மூணாவது தடவ நிக்கேன். இப்பப் போயி மிளகு யாவாரி வெசம் வச்சான்னு எழுதுனியள்னா, எதிர்ப்பார்ட்டிக்காரன் அத பிரிண்டு போட்டுக் கட கடையா குடுத்துருவான். உங்களுக்குப் புண்ணியமாப் போவும், வேற ஆளப் பாருங்க.”

அடுத்து கோயில் பூசாரியைப் போடலாமா என்றார். கல்யாணத்தை நடத்தி வைக்கப் போகிற வாத்தியார் எதிர் வீடு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வைத்தியரைப் போடலாமா என்றார். எனக்கு முட்டிவலிக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் வாராவாரம் கதையைப் படித்துவிட்டு லைக் போடுகிறவர். ஒரு மனிதனைக் கொல்ல ஆள் கிடைக்காமல் இவர் ஊர் முழுக்கத் தேடி அலைந்ததைப் போல நான் எங்கும் பார்த்ததில்லை.

“போதும், எழுந்திருங்கோ,” என்றேன். “தாணு ஆத்துக்கே போவோம். கால்ல விழணும்னாலும் நான் விழறேன்.”

தாணுவின் வீடு ஆரியசாலையில் ஒரு சந்துக்குள். வாசலில் பெரிய கார். முற்றத்தில் கவிழ்த்து வைத்த உருளிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம். தாணு பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்து, “மாமி, உக்காருங்கோ,” என்றார். என் கணவரை உட்காரச் சொல்லவில்லை.

“தாணு, தப்பு என்னுதுதான்,” என்று இவர் நின்றுகொண்டே ஆரம்பித்தார். “கொலைகாரனை மாத்திடறேன்.”

“எந்தக் கொலைகாரனை?”

“உங்களை... அதாவது, தானியஸை.”

தாணு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “அய்யோ சாரே, அதை எதுக்கு மாத்தறேள்? அகில் அதை ஸ்டேட்டஸா வெச்சிருக்கான். போன முகூர்த்தத்துல ஒரு பொண்ணு அடுப்புக்கிட்ட வந்து எங்கூட செல்ஃபி எடுத்துண்டா. இத்தனை வருஷமா சமைக்கறேன், ஒருத்தர் எங்கூட போட்டோ எடுத்ததுண்டா? கொன்னதுக்கப்புறம் எடுக்கறா!”

நாங்கள் இரண்டு பேரும் முழித்தோம். “பின்னே தாம்பூலத்தை ஏன் திருப்பி அனுப்பினேள்?” என்று நான் கேட்டேன்.

தாணு கடுக்கனைத் திருகினார். மூக்கு நுனி சிவந்தது. “பால் அடிபிடிச்சதுன்னு எழுதினாரே மாமி,” என்றார். “என் உருளியில.”

“ரோமாபுரியிலன்னா...” என்றார் என் கணவர்.

“எந்தப் புரியா இருந்தா என்ன? என் கடுக்கனைப் போட்டு, என் மதியைப் போட்டு, அடிபிடிச்ச பாலையும் போட்டேளே! மனுஷனுக்குக் கோபம் வந்தா கொல்லுவான். அது சுபாவம். பாலை அடிபிடிக்க விடறவன் மனுஷனே இல்லை. நேத்திக்குக் கரமனையில ஒரு கல்யாணப் பேச்சு. பொண்ணோட மாமா சிரிச்சுண்டே கேக்கறார், ‘தாணு, பால் அடிபிடிக்காதே, அல்லே?’ன்னு. என்னைப் பாத்து! அவர் சிரிச்சார், அவர் ஆத்துக்காரி சிரிச்சா, மாப்பிள்ளைப் பையன்கூடச் சிரிச்சான். எங்கப்பா கல்யாணக் கோட்டையடுப்புல பால் காய்ச்சினவர். நான் பால் காய்ச்சும்போது எனக்கு ஒரு போன் வரப்படாது, ஒருத்தர் வந்து பேசப்படாது. சட்டுவத்தை விட்டுக் கையை எடுக்க மாட்டேன். என்னைப் போய்...” அந்தப் பெரிய உடம்பு அப்படியே சுருங்கி உட்கார்ந்திருந்தது. எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது, நிஜமாகவே.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “தாணு, கொலைகாரனை மாத்தலாம், பேரை மாத்தலாம், ஊரைக்கூட மாத்தலாம். அந்தப் பாலை மாத்த முடியாது. அந்த வாடை இல்லேன்னா விஷ வாடை தெரிஞ்சுடும். தெரிஞ்சா குவிண்டஸ் சாப்பிட மாட்டான். அதுதான் கதையோட ஆணிவேர்,” என்றார்.

“அது என் கையோட ஆணிவேர்,” என்றார் தாணு. “என்னாலயும் முடியாது.”

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அவரோடு பேசவில்லை. பெண்ணின் வாழ்க்கை ஒரு பக்கம், ஒரு உருளிப் பால் இன்னொரு பக்கம், இதில் பால் பக்கம் நிற்கிற மனிதரோடு என்ன பேசுவது? அவரோ தனக்குத் தானே முனகிக்கொண்டு வந்தார். “உண்மையைச் சொல்லணும்னா, தாணு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அவர் இருக்கற இடத்துல பால் அடிபிடிக்காது. லோகமே அழிஞ்சாலும் பிடிக்காது.”

எனக்குப் பொறி தட்டியது.

“ஏன்னா, தாணு இருக்கற இடத்துல பால் அடிபிடிக்காதா?”

“பிடிக்காது.”

“சத்தியமா?”

“அதான் சொல்றேனே.”

“அப்போ குவிண்டஸ் ஆத்துல பால் அடிபிடிச்சிருந்தா என்ன அர்த்தம்?”

ஆட்டோ சாலைக் கடைத்தெருவில் ஒரு வெங்காய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. “தானியஸ் அங்கே இல்லைன்னு அர்த்தம்,” என்றார் மெதுவாக. அப்புறம் ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார். “பாகீ! அடிபிடிச்ச பால்தான் அவனுக்குச் சாட்சி! அவன் அடுப்புக்கிட்ட இருந்திருந்தா பால் அடிபிடிச்சிருக்காது! லூசியஸ் விரலை நீட்டறான், தானியஸ் அழறான், உடனே லூசியஸுக்கு உறைக்கறது... அவனை யாரோ வேணும்னே அடுப்பை விட்டு அனுப்பியிருக்கா!”

“தாணுவை அடுப்பை விட்டு எழுப்ப யாரால முடியும்?”

“யாராலயும் முடியாது. கல்யாணாத்து மாமி வந்து, ‘தாணு, உள்ள ஒரு நிமிஷம் வாங்கோ’ன்னு கூப்பிட்டா மட்டும்தான்...” நெற்றியில் அடித்துக்கொண்டார். “குவிண்டஸோட ஆம்படையா,” என்றார்.

“அவளேதான். அவளைப் போட்டா இந்த ஊர்ல யார் கோபிச்சுப்பா? நான்தான் கோபிச்சுக்கணும். நான் கோபிச்சுக்கலை. அவ பேர் என்ன?”

அவர் வெங்காய லாரியைப் பார்த்தார். நான் மறுபடியும் கேட்டேன்.

“குவிண்டஸின் மனைவின்னுதான் எழுதியிருக்கேன்,” என்றார். “ரோமாபுரியில பொம்மனாட்டிகளுக்குத் தனியா பேர் வெக்கிற வழக்கமே பெரும்பாலும் கிடையாது பாகீ. அப்பாவோட குலப்பேர்தான்.”

“நல்ல ஊராத்தான் தேடிப் பிடிச்சேள். கப்பலுக்குப் பேர் வெச்சேள். அவன் குதிரைக்குப் பேர் வெச்சேள். இவளுக்கு இல்லை. வலேரியான்னு வெச்சுக்கோங்கோ, அவ அப்பா குலம் என்னவா வேணும்னா இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்தேன். “பாகீ, கொலைக்குக் காரணம் வேணுமே? குவிண்டஸ் நல்லவன். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். அவ ஏன் கொல்லணும்?” என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

“எழுதிக்கோங்கோ,” என்றேன். “குவிண்டஸ் நல்லவன்தான். ஆத்துக்கு யார் வந்து அவளை எது கேட்டாலும் இவன் பதில் சொல்லுவான். கடைக்குப் போனா, ‘அவளுக்கு இந்தக் கலர்தான் பிடிக்கும்’பான். நாப்பது பேரை விருந்துக்கு அழைச்சுட்டு அன்னிக்குக் காலம்பற வந்து சொல்லுவான். ஒருநாள் அவ பரிமாறிண்டே, ‘மிளகை மூட்டையா விக்காம பொடிச்சு வித்தா நாலு பேர் வாங்குவா’ன்னு சொன்னா. இவன் கேக்காத மாதிரி மோர் விடுன்னான். மறுநாள் சந்தையில நின்னுண்டு, ‘நேத்திக்கு ராத்திரி எனக்கு ஒரு யோசனை தோணித்து’ன்னு அதையே சொன்னான். ஊரே கைதட்டித்து. அவளும் கூட நின்னு கைதட்டினா. கைதட்டிண்டே தீர்மானம் பண்ணிட்டா.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. நான் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாகீ,” என்றார். “இது போளி விஷயம்தானே?”

“எது?”

“ரெண்டு பொடி. போளியில ஒண்ணு, பாயசத்துல ஒண்ணு. போன ஓணத்துக்கு எனக்குப் பரிமாறும்போது நீதான் சொன்னே. ‘உங்களைக் கொல்லணும்னா ரொம்பச் சுலபம்’னு சிரிச்சுண்டே சொன்னே.”

“ஞாபகம் இருக்கே,” என்றேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரிப்பும் வந்தது. எதை விடுவது என்று தெரியாமல் எழுந்து உள்ளே போய் அடுப்பை மூட்டினேன். அவர் அப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் வரை டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம் வந்தது. அடுப்பை விட்டு உள்ளே அழைக்கப்பட்ட தானியஸ், திரும்பி வந்து அடிபிடித்த வாடையை முகர்ந்ததும் உருளியைக் கட்டிக்கொண்டு அழுகிறான். “இந்தக் கைகள் இருக்கும் இடத்தில் பால் தீயாது என்பதை ரோமாபுரி அறியும்!” என்று லூசியஸ் முழங்குகிறான். வலேரியா தலை குனியாமல் காரணத்தைச் சொல்கிறாள். முடிவில், கதைக்குக் கீழே, அவர் ஒரு வரி சேர்த்திருந்தார். ‘இக்கதையில் வரும் கொலைமுறை முழுக்க முழுக்க என் மனைவி பாகீரதியின் கண்டுபிடிப்பு.’ இப்படி ஒரு மரியாதை எந்தப் பெண்ணுக்கும் கிடைத்திருக்காது. நான் அதைக் குளியலறைக்குள் போய்த் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கொஞ்ச நேரத்தில் தாணு போன் செய்தார். “சாரே, அந்த உருளியைக் கட்டிண்டு அழற இடம்... நானும் அழுதுட்டேன்.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “அப்போ நான் கொலைகாரன் இல்லையா?”

“இல்லை தாணு. நீங்க நிரபராதி.”

“ம்.” குரலில் சுரத்து குறைந்துவிட்டது. “கூட இருந்து ஒத்தாசை பண்ணினேன்னாவது ஒரு வரி போடப்படாதோ?” நான் போனைப் பிடுங்கி, தாம்பூலத் தட்டை எடுத்துக்கொள்ள அகிலை உடனே அனுப்பச் சொன்னேன். அவர் மனசு மாறுவதற்குள் அது நடக்க வேண்டும்.

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. கோட்டையடுப்புப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க முடியவில்லை. தாணு சட்டுவத்தை விடவில்லை. மாங்கல்யதாரணம் ஆனதும் திவ்யா தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் சிரித்தாள். இத்தனை அல்லலும் அந்த ஒரு சிரிப்புக்குத்தான்.

சிரிப்பைப் பார்த்த பிறகும் எனக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. கல்யாணம் நடந்துவிட்டது, சரி. அவள் போகப் போகிற வீட்டில் யாரிடம் என்ன கேட்டாலும் ஆனந்தகிருஷ்ணன் அல்லவா பதில் சொல்கிறார்? நிச்சயதார்த்தத்திலிருந்து இன்று வரை பத்மஜாவின் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. என் பெண்ணும் அங்கே போய் அப்படியே வாயடைத்துப்போவாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டு பந்தியின் ஓரமாக நின்றேன்.

ஆனந்தகிருஷ்ணன் முதல் பந்தியில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். இலையில் போளி விழுந்தாகிவிட்டது. தாணுவே பாயச வாளியோடு வந்துகொண்டிருந்தார். அப்போது பட்டுப்புடவை சரசரக்க யாரோ என் பக்கத்தில் வந்து நின்றார்கள். பத்மஜா.

“மாமி,” என்றாள். நல்ல கணீரென்ற குரல். “நீங்கதானே அந்தப் பாகீரதி? கதைக்குக் கீழே பேர் போட்டிருந்ததே. நான் முதல் அத்தியாயத்துலேர்ந்து படிக்கறேன். அவருக்குத் தெரியாது.”

“அப்படியா மாமி? எப்படி இருந்தது?”

“கடைசி அத்தியாயத்தை நாலு தடவை படிச்சேன். திவ்யாவுக்கும் சொன்னேன், நம்ம ரெண்டு பேரும் இனிமே சேர்ந்து படிக்கலாம்னு.” பந்தியில் உட்கார்ந்திருந்த கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என் காதருகில் குனிந்தாள். “ஒண்ணு கேக்கணும் மாமி. அந்த ரெண்டு பொடியும் சாலைக் கடைத்தெருவுல கிடைக்குமோ?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு பீறிட்டது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை. என் உள்ளே இருந்த முள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஆனந்தகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். “என்ன, என்ன? என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்லை,” என்றாள் பத்மஜா. “நீங்க பாயசத்தை விட்டுண்டு நன்னாப் பிசைஞ்சு சாப்பிடுங்கோ.”